மதுவப் போத்தலும் கண்ணாடித் தொட்டியும்: சிறு நீர்த்தாவரத் தொட்டிகளிற் காபனீரொட்சைட்டு வழங்கல் பற்றிய ஒரு விளக்கம்

பாடசாலையில் விஞ்ஞானம் கற்ற எவரும் ஐதரில்லாப் பரிசோதனையை மறந்திரார். முகவையிலுள்ள நீரினுள் ஐதரில்லாத் துண்டுகள். அவற்றின்மீது கவிழ்த்த புனல். புனலின் தண்டின்மேல் நீர் நிரம்பிய சோதனைக்குழாய். ஒளியில் வைத்ததும் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலெழும். ஆசிரியர் சிறிதளவு சோடியம் இருகாபனேற்றை நீரிற் கரைத்துவிட்டு மீண்டும் எண்ணச் சொல்வார். குமிழிகளின் தொகை கூடியிருக்கும். ஒளி மாறவில்லை, தாவரம் மாறவில்லை, நீரிற் காபன் கூடிற்று, அவ்வளவே. சிறு தொட்டிகளில் நீர்த்தாவரம் வளர்ப்போர் எதிர்நோக்கும் பிரச்சினை முழுவதும் அந்தச் சிட்டிகை இருகாபனேற்றில் அடங்கியுள்ளது எனலாம். அப்பிரச்சினைக்குக் காணப்பட்டுள்ள தீர்வுகளுள் மிக எளியதும், சீனியும் மதுவமும் ஒரு பழைய சோடாப் போத்தலும் இருந்தாற் செய்யத்தக்கதுமான ஒன்றையே இங்கு விளக்க முற்படுகின்றோம்.

இத்தகைய பொருள் தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்வேட்டிற்கு உரியதுதானா என்ற வினா எழலாம். ஈழத்துத் தமிழுரைநடை வளர்ச்சியில் விஞ்ஞான விளக்க எழுத்துக்கு உள்ள பங்கினை அறிந்தோர் இவ்வினாவை எழுப்பார். 1950களிலிருந்து அரசகரும மொழித் திணைக்களத்தினர் வெளியிட்ட சொற்றொகுதிகள் நமக்கு அளித்த சொற்கள் பாடநூல்களுக்குள் மட்டும் அடைபட்டுக் கிடப்பின் அவை நாளடைவில் உயிர்ப்பிழக்கும். வேறொரு காரணமும் உண்டு. மீன்தொட்டி கடந்த 170 ஆண்டுகளாக ஒரு கருத்தையும் தன்னுடன் சுமந்து வந்துள்ளது. ‘இயற்கைச் சமநிலை’ என்பதே அக்கருத்து. தாவரம் ஒட்சிசனை விலங்குக்கு அளிக்கின்றது, விலங்கு காபனீரொட்சைட்டைத் தாவரத்துக்கு அளிக்கின்றது, இரண்டும் ஒன்றையொன்று தாங்கி வெளியுலகத் துணையின்றி வாழ்கின்றன என்ற இச்சித்திரம் சமூகத்தைப் பற்றிப் பேசுவோராலும் பலகாலும் கையாளப்பட்டு வந்துள்ளது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைத் தொட்டியின் அருகே வைக்கப்படும் மதுவப் போத்தலே சொல்லிவிடுகின்றது.

முதலில் நீரையும் காபனையும் நோக்குவோம். வளியிலுள்ள காபனீரொட்சைட்டின் செறிவு இன்று பத்து இலட்சத்துக்கு 420 பங்குக்கு மேற்பட்டது. அவ்வளியுடன் சமநிலை அடைந்த நீரில், நமது நாட்டு வெப்பநிலையில், லீற்றருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் முதல் 0.6 மில்லிகிராம் வரையே அவ்வாயு கரைந்திருக்கும். அளவு சிறிது என்பது மாத்திரமன்று. நீரில் வாயுக்கள் பரவும் வேகம் வளியிற் பரவுவதிலும் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு குறைவானது. இலையைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்திலிருந்த காபனீரொட்சைட்டைத் தாவரம் உறிஞ்சிக்கொண்டதும், அவ்விடத்துக்கு அடுத்த பங்கு வந்து சேர்வதற்கு நெடுநேரம் பிடிக்கின்றது. மீன்கள் வெளிவிடும் அளவோ அற்பம். எனவே வலிய மின்விளக்கின் கீழ்த் தாவரம் வயிறு காய்ந்து நிற்கின்றது. குறைந்த காபனைக் கொண்டும் வாழத் தெரிந்த பாசியினங்கள் அதன் இலைகளின் மேற் படர்கின்றன.

அவ்வாறாயின் ஆறுகளில் அத்தாவரங்கள் எங்ஙனம் வாழ்கின்றன? இவ்வினாவுக்கு விடைகாண நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. உலகெங்கும் மீன்தொட்டிகளை அணிசெய்யும் கிரிப்டோகொரைன் சாதித் தாவரங்களுட் பல இலங்கையின் ஈரவலயத்து நீரோடைகளுக்கே உரியவை. வென்டி, பெக்கெற்றி, வோக்கேரி, மிகச் சிறியதான பார்வா ஆகிய இனங்கள் வேறெந்த நாட்டிலும் இயற்கையாக வளர்வனவாக அறியப்படவில்லை. அவற்றுட் பல இன்று இயற்கை வாழிடங்களில் அச்சுறுத்தலுக்கு உள்ளானவை. அவை வளரும் ஓடைகள் காட்டுநிழலிற் பாய்வன. காட்டுத்தரையில் விழுந்து மக்கும் இலைகளும், மண்ணிலுள்ள வேர்களும் நுண்ணுயிர்களும் இடையறாது சுவாசித்து வெளிவிடும் காபனீரொட்சைட்டு நிலத்தடி நீரிற் கரைந்து ஓடையை வந்தடைகின்றது. அதனால் ஓடைநீரில் அவ்வாயுவின் செறிவு, வளியுடன் சமநிலையுற்ற நீரிலுள்ளதைப் பன்மடங்கு விஞ்சிநிற்பது வழக்கம். அதாவது ஓடைத் தாவரம் தன்னைச் சூழ்ந்த நீரில் மட்டும் வாழவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு காட்டுத்தரையின் உழைப்பில் வாழ்கின்றது. அதனைப் பிடுங்கி நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் நடும்போது நாம் செடியைக் கொண்டுவருகின்றோம்; தரையைக் கொண்டுவருவதில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் உயிர்களை அடைத்துவைக்கும் இவ்வழக்கத்தின் தோற்றத்தையும் ஈண்டு நோக்குதல் பொருத்தமாகும். இலண்டனின் கிழக்குப் பகுதியில் மருத்துவராயிருந்த நதானியல் வாட் என்பார், புகை மண்டிய அந்நகரிலே பன்னங்களை வளர்க்க வழிகாணாதிருந்தபோது, மூடிய கண்ணாடிக் கலத்தினுள் அவை தழைப்பதைக் கண்டார். அவரது நூல் 1842இல் வெளிவந்தது. மருந்தாளர் சங்கத்தின் இரசாயனவியலாளரான ரொபேட் வாரிங்ரன் 1850இல் வெளியிட்ட ஆய்வில், தங்கமீன்களையும் வலிசுனேரியாச் செடியையும் ஒரே கலத்தில் வைத்து நீரை மாற்றாது பேணமுடியும் எனக் காட்டினார். இவரது பரிசோதனையில் நமது கவனத்தைக் கவர்வது நத்தையே. மீனும் செடியும் மட்டும் இருந்தபோது இறந்த இலைகள் அழுகி நீர் கெட்டது; அழுகலைத் தின்னும் குளத்து நத்தைகளைச் சேர்த்த பின்னரே கலம் தெளிந்தது. மீனையும் செடியையும் பற்றிப் பேசிய பிற்காலத்துச் சித்திரங்கள் துப்புரவுத் தொழிலாளியாகிய இந்நத்தையைப் பெரும்பாலும் மறந்துவிட்டமை வியப்பன்று.

1850களிற் பிரித்தானிய மத்தியதர வீடுகளில் மீன்தொட்டி மோகம் பரவியதற்கு வாரிங்ரனின் பரிசோதனை மாத்திரம் காரணமன்று. கண்ணாடிமீது விதிக்கப்பட்டிருந்த வரி 1845இல் நீக்கப்பட்டமையாற் கண்ணாடி மலிந்தது. வாட்டின் பெட்டி இதற்கிடையிற் பெருங்கடல்களைக் கடந்துவிட்டது. தென்னமெரிக்காவிலிருந்து பெறப்பட்ட வித்துகளைக் கொண்டு கியூ தாவரவியற் பூங்காவில் முளைப்பித்த 1900க்கு மேற்பட்ட றப்பர் நாற்றுகள் 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டது அத்தகைய 38 பெட்டிகளிலேயே. அவை கம்பகாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. வரவேற்பறையின் கண்ணாடிப் பெட்டியும் பெருந்தோட்டத்தின் கண்ணாடிப் பெட்டியும் ஒரே பட்டறையில் உருவானவை. முன்னையது தன்னிறைவின் சின்னமாகப் போற்றப்பட்ட அதே காலத்திற் பின்னையது ஒரு நாட்டின் நிலத்தையும் உழைப்பையும் மற்றொரு நாட்டின் ஆலைகளுடன் பிணைத்துக்கொண்டிருந்தது.

இனி மதுவத்திற்கு வருவோம். சீனிக்கரைசலில் மதுவத்தை இட்டால் அது சீனியை உடைத்து அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் தருகின்றது. இது புதிதாக யாரும் நமக்குக் கற்பிக்கவேண்டிய விடயமன்று. யாழ்ப்பாணத்தில் அப்பமாவைப் புளிக்கவைக்கக் கள்ளுச் சேர்ப்பர்; அப்பத்தின் மேற்பரப்பிலே தோன்றும் கண்கள் அவ்வாயு வெளியேறிய வழிகளே. சீவல் தொழிலாளரின் அறிவோ இதனினும் நுட்பமானது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசிவிட்டால் வடியும் பதநீர் புளியாது கருப்பநீராக நிற்கும். பூசாதுவிட்டாற் பொழுது ஏறுமுன் கள்ளாகிவிடும். மதுவத்தின் தொழிற்பாடு ஊடகத்தின் அமில, காரத் தன்மையில் தங்கியுள்ளது என்ற உண்மையைப் பாடநூல் காணாத அத்தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்துள்ளனர். அவர்களது தொழிலை இழிவாக நோக்கிய நமது சமூகம் அத்தொழிலிலுள்ள இரசாயன அறிவையும் சேர்த்தே புறக்கணித்தது.

ஐரோப்பிய விஞ்ஞானத்தில் இப்பொருள் பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. 1837ஐ அடுத்த ஆண்டுகளில் மூன்று ஆய்வாளர் தனித்தனியே மதுவம் ஓர் உயிரி எனக் கூறினர். அக்காலத்து இரசாயனவியலின் பேரறிஞர்களான லீபிக்கும் வோலரும் 1839இல் தமது சஞ்சிகையிற் பெயர் குறிப்பிடாது ஓர் அங்கதக் கட்டுரையை வெளியிட்டு அக்கருத்தை எள்ளி நகையாடினர். சீனியை உண்டு அற்ககோலைக் கழிக்கும் நுண்விலங்குகள் அதில் வருணிக்கப்பட்டன. இரசாயனச் சஞ்சிகையொன்றில் அங்கதம் இலக்கிய வடிவமாகக் கையாளப்பட்டமை இலக்கிய மாணவர் கவனிக்கத்தக்கது. அதனினும் கவனிக்கத்தக்கது, கேலிக்காகப் புனையப்பட்டது பெருமளவிற்கு உண்மையாகவே முடிந்தமை. 1857இலிருந்து லூயி பாஸ்டர் மேற்கொண்ட ஆய்வுகள் நொதித்தல் உயிர்த்தொழிற்பாடு என்பதனை நிலைநாட்டின. ஆயினும் லீபிக் முற்றாகத் தோற்கவில்லை. 1897இல் எட்வேட் பூக்னர் மதுவத்தை அரைத்துப் பிழிந்து பெற்ற, உயிர்க்கலமற்ற சாறும் சீனியை நொதிக்கச் செய்வதைக் காட்டினார். 1907இல் நோபல் பரிசு பெற்றார். உயிர் இன்றி நொதித்தல் இல்லை என்ற கூற்றும், நொதித்தல் வெறும் இரசாயனமே என்ற கூற்றும் தத்தம் பகுதி உண்மையுடன் உயர்ந்த ஒரு விளக்கத்தினுள் அடங்கின. இயங்கியலுக்கு எடுத்துக்காட்டுத் தேடுவோர் இதனைவிட்டு வேறெங்கும் அலையத் தேவையில்லை.

சொல்லாக்கம் பற்றி ஓர் இடைக்குறிப்பு. ஆங்கிலத்தில் ‘என்சைம்’ எனப்படும் சொல் 1870களின் பிற்பகுதியிற் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கப்பட்டது. ‘மதுவத்தினுள்’ என்பது அதன் பொருள். நமது ‘நொதியம்’ என்னும் சொல்லும் ‘நொதித்தல்’ என்ற வினையிலிருந்து பிறந்தமையால் அதே வரலாற்றுத் தொடர்பைத் தன்னுள் பேணுகின்றது. கலைச்சொல்லாக்கம் வெறும் மொழிபெயர்ப்பு என எண்ணுவோருக்கு இது தக்க விடையாகும்.

தொட்டிக்கான அமைப்பு எளிமையானது. ஒன்றரை லீற்றர் கொள்ளளவுள்ள பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் 200 கிராம் சீனியை இட்டு, மூன்றில் இரு பங்கு உயரத்துக்கு இளஞ்சூடான நீர் ஊற்றிக் கரைக்கவேண்டும். பாண் செய்வதற்கு விற்கப்படும் உலர்ந்த மதுவத்தில் கால் தேக்கரண்டியைச் சிறிது வெந்நீரில் ஊறவைத்துச் சேர்க்கவேண்டும். கொதிநீர் மதுவத்தைக் கொன்றுவிடும். கைபொறுக்கும் சூடு போதுமானது. சிறிதளவு அப்பச்சோடாவைச் சேர்ப்போரும் உளர். நொதித்தலின்போது கரைசல் அமிலத்தன்மை அடைவதை அது தாங்கிநின்று மதுவத்தின் ஆயுளை நீட்டுகின்றது. ஆனால் அளவு மிஞ்சினால் முட்டியிலிட்ட சுண்ணாம்பு செய்வதையே இதுவும் செய்யும். மதுவம் கிடையாதபோது கள்ளின் அடிமண்டியையும் பயன்படுத்தலாம். அதிலுள்ள பற்றீரியாக்கள் கரைசலை விரைவிற் புளிக்கச் செய்வதனால் அது நீடித்து உழைப்பதில்லை.

போத்தலின் மூடியில் துளையிட்டு மெல்லிய குழாயைச் செருகி, வாயு கசியாதவாறு பசையால் அடைக்கவேண்டும். மருத்துவமனைகளிற் பயன்படும் சேலைன் குழாய் இதற்கு மிகவும் ஏற்றது. அதிலுள்ள துளிக்கலத்திற் சிறிது நீரை விட்டால் குமிழிகளை எண்ணும் கருவியாகவும் பயன்படும். அக்குழாயிலுள்ள உருளைத் திருகியைக்கொண்டு வாயுவைக் கட்டுப்படுத்த முயலல் ஆகாது. மதுவம் திருகியின் கட்டளைக்குப் பணிவதில்லை. அடைத்தால் அமுக்கமே ஏறும். இதனாலேயே கண்ணாடிப் போத்தலை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது என்கின்றோம். போத்தலுக்கும் தொட்டிக்கும் இடையில் நீர் நிரப்பிய சிறிய இடைப்போத்தல் ஒன்றிருத்தல் வேண்டும். பொங்கிவரும் நுரையையும் வாயுவுடன் வரும் அற்ககோல் ஆவியிற் பெரும்பகுதியையும் அது தடுத்துக்கொள்ளும். இன்றேல் அற்ககோலை உண்ணும் பற்றீரியாக்கள் குழாயின் வாயில் வெண்சளியாகப் படர்வதைக் காணலாம். வாயு ஓயும்போது தொட்டிநீர் குழாய்வழியே பின்னோக்கி இழுபடாதிருக்க, ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்துவது அல்லது போத்தலைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வைப்பது நன்று.

தொட்டியினுள் வாயுவைக் கரைக்கும் முறையே இவ்வமைப்பின் வெற்றியை நிர்ணயிப்பது. பெரிய குமிழிகளாக விட்டால் அவை மேற்பரப்பிற்கு விரைந்து சென்று வளியில் கலந்துவிடும். கடைகளில் விற்கப்படும் பீங்கான் பரப்பிகள் உயர்ந்த அமுக்கத்தை வேண்டுவன. மதுவப் போத்தலின் பலவீனமான மூட்டுகள் அதனைத் தாங்கா. மருந்து அளக்கும் சிறு பிளாஸ்டிக் கிண்ணமொன்றை நீருக்குள் கவிழ்த்து ஒட்டி அதன் கீழே குழாயின் முனையை வைப்பதே நமது மதிப்பீட்டிற் சிறந்த வழி. கிண்ணத்தினுட் சேரும் வாயு நீர்ப்பரப்பினூடாக ஆறுதலாகக் கரையும். நீரிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் எதிர்த்திசையிற் கிண்ணத்தினுள் புகுவதால், நாளுக்கொரு தடவை கிண்ணத்தைச் சரித்துப் பழைய வாயுவை வெளியேற்றவேண்டும்.

கணக்கு என்ன சொல்கின்றது? 200 கிராம் சீனி முற்றாக நொதிக்குமாயின் ஏறத்தாழ 103 கிராம் காபனீரொட்சைட்டும் 108 கிராம் அற்ககோலும் கிடைக்கும். சீனியிலும் கூடுதலாக உள்ள எடை அத்தாக்கத்திற் பங்குகொள்ளும் நீரிலிருந்து வருவது. நமது வெப்பநிலையில் அவ்வாயு 58 லீற்றர் இடத்தை நிரப்பும். நடைமுறையில், அற்ககோலின் செறிவு நூற்றுக்குப் பத்தை நெருங்கும்போது பாண் மதுவம் தளர்ந்துவிடுவதால் முழு அளவும் கிடைப்பதில்லை; தான் ஆக்கிய பொருளிலேயே அது மூழ்கி மடிகின்றது. மறுபுறத்தில், 40 லீற்றர்த் தொட்டியில் லீற்றருக்கு 25 மில்லிகிராம் என்ற செறிவை உண்டாக்கத் தேவைப்படும் வாயு ஒரேயொரு கிராம். ஒரு கிராமை நிலைநிறுத்த இரு வாரங்களிற் பல பத்துக் கிராம்களைச் செலவிடுகின்றோம். மிகப் பெரும்பகுதி மேற்பரப்பினூடாக வளிக்குத் தப்பிவிடுகின்றது. செடியிற் சேர்வது சிறு பங்கே. தொட்டியைச் ‘சமநிலை’ என்பதிலும் ‘ஓட்டம்’ என்பதே பொருந்தும். ஓட்டம் நின்றால் நீர் சில மணிநேரத்தில் அரை மில்லிகிராம் என்ற பழைய நிலையை நோக்கித் திரும்பத் தொடங்கும். மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான தொடர்பை விளக்க மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்தில் (1867) ‘அனுசேபம்’ என்னும் கருத்தைக் கையாண்டபோது, லீபிக்கின் விவசாய இரசாயன நூல்களை ஊன்றிப் படித்திருந்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

லீபிக்கின் பெயரோடு வழங்கும் இழிவு விதியும் இங்கு தொழிற்படுகின்றது. வளர்ச்சியைத் தீர்மானிப்பது எல்லாவற்றிலும் குறைவாயுள்ள தேவையே. காபன் குறை நீங்கியதும் நைதரசனோ பொசுபரசோ பொற்றாசியமோ இரும்போ அடுத்த குறையாகத் தலைகாட்டும். போத்தலை இணைத்த மூன்றாம் வாரத்தில் இலைகள் வெளிறுவதைக் கண்டு மதுவத்தைக் குறைகூறுவோர், ஒரு முரண்பாடு தீர்ந்த இடத்தில் மற்றொன்று முதன்மை பெற்றுள்ளது என்பதை உணர்வதில்லை.

மதுவத்தின் பெருங்குறை அது இரவை அறியாமையாகும். உருளைகளில் அடைத்த வாயுவைப் பயன்படுத்துவோர் மின்வால்வினால் இரவில் அதனை நிறுத்திவிடுவர். மதுவம் இரவிலும் வாயுவை விடுகின்றது. அந்நேரத்தில் தாவரம் அதனைக் கொள்வதில்லை, தானும் சுவாசித்து ஒட்சிசனைக் குறைக்கின்றது. காபனீரொட்சைட்டு மிகும்போது மீனின் குருதியிலுள்ள ஈமோகுளோபினின் ஒட்சிசன் காவும் ஆற்றல் தாழ்கின்றது. லீற்றருக்கு 30 மில்லிகிராமைக் கடந்தால் பல மீனினங்கள் விடியற்காலையில் மேற்பரப்பில் வாய்திறந்து நிற்பதைக் காணலாம். 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதை நாமனைவரும் அறிவோம். மின்சாரம் வேண்டாதது என்ற காரணத்தால் மதுவமுறை இத்தகைய நாட்களுக்கு உகந்தது என எண்ணத் தோன்றும். உண்மை நேர்மாறானது. விளக்கு அணைந்து, காற்றுப்பம்பி நின்று, நீரின் அசைவும் ஒடுங்கிய இருளில் மதுவம் மட்டும் தன் வேலையைத் தொடர்கின்றது. மின்வெட்டு வருமெனத் தெரிந்தால் செய்யவேண்டிய முதற் காரியம் குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுவதே. வழமையான நாட்களிலும் இரவில் காற்றுப்பம்பியை இயக்குவது நல்லது.

மதுவப் போத்தலின் விளைவு நாளுக்கு நாள் வேறுபடுவது மற்றொரு குறை. முதல்நாள் மந்தம், இரண்டாம் நாள் முதல் பொங்கல், இரண்டாம் வாரத்தில் தளர்ச்சி. நமது வெப்பநிலையில் இவ்வட்டம் குளிர்நாடுகளிலும் விரைவாகச் சுழலும். இரு போத்தல்களை இணைத்து ஒருவாரத்துக்கு ஒன்றாக மாற்றினால் ஏற்றத்தாழ்வு தணியும். சீனிக்கரைசலை ஜெலற்றின் கொண்டு கட்டியாக்கி அதன்மேல் மதுவநீரை ஊற்றும் முறையிலும் சீனி மெல்லமெல்லக் கரைவதால் வாயு சீராக வரும். அறுபது லீற்றருக்கு மேற்பட்ட தொட்டிகளுக்கு இம்முறை உகந்ததன்று என்பதே நமது கருத்து.

செலவு பற்றிய மயக்கம் ஒன்றையும் தெளிவுபடுத்தவேண்டும். மதுவமுறையை ‘ஏழையின் முறை’ எனப் புகழ்வதுண்டு. தொடக்கச் செலவைப் பொறுத்தவரை அது உண்மையே. உருளையும் அமுக்கச் சீராக்கியும் வாங்க இயலாதவர் இதனை ஒருநாளிற் செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு கிலோகிராம் வாயுவுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோகிராம் சீனி வேண்டும். அச்சீனியின் பெரும்பகுதி இந்நாட்டுக்கு இறக்குமதியாவது. முதலீடு செய்யமுடியாதவன் தவணை தவணையாகச் செலுத்துகின்றான். மண்ணெண்ணெயைக் காற்போத்தலாக வாங்குபவன் நிலையும் இதுவே. மாதத்துக்கு 400 கிராம் சீனி ஒரு வீட்டின் தேநீர்க் கணக்கில் எங்கே நிற்கிறது என்பதை அவ்வவ் வீட்டாரே தீர்மானிக்கவேண்டும். போத்தலே வேண்டாமென்போருக்கும் வழியுண்டு. அமெரிக்கரான டயானா வால்ஸ்ராட் 1999இல் வெளியிட்ட நூலில், மணலின் கீழ்த் தோட்டமண்ணை இட்டால் அதிலுள்ள சேதனப்பொருள் சிதைந்து தாவரத்துக்குக் காபனை வழங்கும் என விளக்கினார். காட்டுத்தரையின் ஒரு பிடியைத் தொட்டிக்குள் கொண்டுவருவது போன்ற முறை அது. மிதமான ஒளியும் பொறுமையும் அதற்கு வேண்டும்.

யப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) நீர்த்தாவரத் தொட்டியை ஒரு நிலக்காட்சிக் கலையாகவே உயர்த்தினார். அவரது படங்களின் அழகை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் இத்துறையில், படமெடுக்கும் வேளையில் குழாய்களையும் கருவிகளையும் நீரிலிருந்து அகற்றிவிடுவது வழக்கமாயுள்ளது. காண்போர் தானாகவே தழைத்த ஒரு காட்டைக் காண்கின்றனர்; உருளையும், உரமும், வாராந்த நீர்மாற்றமும், கத்தரிக்கோல் பிடித்த கைகளும் படத்தில் இல்லை. பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்து நிற்பது பற்றி நாம் இலக்கியத் திறனாய்விற் பலமுறை பேசியுள்ளோம். மேசையின் ஓரத்தில் நுரைத்துக்கொண்டிருக்கும் சோடாப் போத்தலுக்கு அத்தகைய நாணம் இல்லை. அழகியல் நோக்கில் அதனைக் குறையென்பர்; பாடசாலை மாணவர் முன் வைப்பதற்கு அதுவே அதன் பெருஞ்சிறப்பு.

இறுதியாக நீரின் வன்மை பற்றிக் கூறவேண்டும். இதிலேயே நமது பிரதேசத்தார் பெரிதும் இடர்ப்படுகின்றனர். தொட்டியிலுள்ள காபனீரொட்சைட்டின் செறிவை நேரடியாக அளப்பது கடினம். காபனேற்று வன்மையையும் பீ.எச். பெறுமானத்தையும் கொண்டு கணிப்பது வழக்கம். பீ.எச். 7 ஆக இருக்கும்போது வன்மைப் பாகையை 3 ஆற் பெருக்க வருவது லீற்றருக்குரிய மில்லிகிராம் அளவு, பீ.எச். ஓர் அலகு குறைந்தால் அது பத்து மடங்காகும். வன்மை 4 பாகையாயின் பீ.எச். 7இல் 12 மில்லிகிராமும் 6.6இல் 30 மில்லிகிராமும் இருக்கும். மென்னீர் வழங்கும் நாடுகளில் எழுதப்பட்ட கைந்நூல்கள் பீ.எச். 6.6ஐ இலக்காகக் கூறுவதற்கு இதுவே காரணம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரோ சுண்ணக்கற் பாறைகளினூடாக ஊறிவருவது, இருகாபனேற்று மிகுந்தது. வன்மை 12 பாகையுள்ள நீரை எடுத்துக்கொண்டால், பீ.எச். 7.1ஐ அடையும்போதே வாயு 29 மில்லிகிராம் அளவை எட்டிவிடும். அந்நீரிற் கைந்நூலை நம்பி 6.6ஐத் தேடிச் சென்றால் 90 மில்லிகிராம் வந்துசேரும். ஒரு மீனும் எஞ்சாது. எண் சரியானதே, அதனைப் பெற்றெடுத்த நிலைமைகளைப் பிரித்துவிட்டு எண்ணை மட்டும் இறக்குமதி செய்ததே பிழை.

அதே நீரில் ஐதரில்லாவும் வலிசுனேரியாவும் மதுவப் போத்தலின்றியே செழிக்கும். அவை இருகாபனேற்றிலிருந்தும் காபனைப் பெறவல்லன. பாடசாலைப் பரிசோதனையில் ஆசிரியர் இருகாபனேற்றை இட்டதும் குமிழிகள் பெருகியமைக்கு இவ்வாற்றலும் ஒரு காரணம். எல்லா நீர்த்தாவரங்களுக்கும் அவ்வாற்றல் இல்லை. தெற்கின் ஓடைச் செடிகளை வடக்கின் கிணற்றுநீரில் வளர்க்க விரும்புவோர், மாரிகாலத்தில் கூரைநீரைச் சேமித்துக் கிணற்றுநீருடன் சமபங்கு கலந்தால் வன்மை பாதியாகும். அதன் பின்னர் போத்தலை இணைத்து, முதல் வாரம் மீன்களின்றியே விட்டு, காலையிலும் மாலையிலும் பீ.எச். பெறுமானத்தை அளந்து குறித்துக்கொள்ளல் வேண்டும். ஓய்ந்த போத்தலின் கரைசலைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. வாழைப்பாத்தியிலோ குப்பைப் பசளைக் குழியிலோ ஊற்றிவிட்டு, அடியிற் படிந்த மண்டியிற் சிறிதை அடுத்த போத்தலுக்கு வித்தாக எடுத்துவைக்கலாம்.